காலி பிளக்குக்கு எத்தனை வாட்?

பல்புக்கு வாட் உண்டு. அதன் மேலேயே அச்சடித்திருக்கும். மின்விசிறிக்கு உண்டு. கீசரின் வயிற்றில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உண்டு. சுவரில் சும்மா இருக்கும் பிளக் பாயின்ட்டுக்கு? அது எரிவதில்லை, சுற்றுவதில்லை, எதையும் சுடவைப்பதும் இல்லை. ஆனாலும் புது இணைப்புக்கு ஈ.பி. ஆபீஸில் விண்ணப்பம் கொடுக்கும்போதும், ஒயர் என்ன கனத்தில் எடுப்பது என்று கடையில் நிற்கும்போதும், அந்தக் காலி ஓட்டைக்கு ஓர் எண் போட்டாக வேண்டும். போடுகிற எண் குறைந்தால் என்றைக்கோ ஒருநாள் சுவருக்குள் பிளாஸ்டிக் கருகும். கூடினால் இன்றைக்கே பணம் போகும்.

கொடைக்கானல் பக்கம், பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரைக்கும் பெரியகுளத்துக்கும் இறங்குகிற மலைச்சாலையில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் வந்துவிட்டது. காபியும் மிளகும் ஆரஞ்சும் விளைந்த சரிவுகளில், தோட்ட வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் ‘ஹோம் ஸ்டே’ பலகைகளாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஓட்டு வீட்டில் நாலு பல்பும் ஒரு ரேடியோவும் ஓடிய லைனில் இப்போது அறைக்கு ஒரு கீசர், அறைக்கு ஒரு ஹீட்டர், அறைக்கு ஒரு கெட்டில். மண்சரிவு வந்து சாலை அடைபட்டால் அது செய்தியாகிறது. லைன் தாங்காமல் போவது செய்தியாவதில்லை.

எண்ணுக்கு வருவோம். வயரிங்குக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 732-இன் 1989 பதிப்பிலும், அதை ஒட்டிய தேசிய மின் நெறித்தொகுப்பிலும் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. பல்பு பாயின்ட்டுக்கு 60 வாட். விசிறிக்கு 60. நாலடி டியூப் லைட்டுக்கு 50. சின்ன பிளக்குக்கு 100. பெரிய பிளக், அதாவது பவர் பிளக்குக்கு 1000. தரநிலையின் கணக்கில் இந்த பிளக்குகள் 6, 16 ஆம்பியர். ஆனால் பழைய பிரிட்டிஷ் உருண்டை பின் காலத்திலிருந்து வந்த ‘அஞ்சு ஆம்ப்ஸ்’, ‘பதினஞ்சு ஆம்ப்ஸ்’ என்ற பெயர்தான் ஒயர்மேன்கள் வாயில் இன்னும் புழங்குகிறது.

அட்டவணையோடு இரண்டு கட்டுப்பாடுகள். லைட் சர்க்யூட் ஒன்றில் விளக்கு, விசிறி, சின்ன பிளக் எல்லாம் சேர்த்துப் பத்து பாயின்ட்டுக்கு மேல் கூடாது. மொத்தச் சுமை 800 வாட்டைத் தாண்டவும் கூடாது. பவர் சர்க்யூட் ஒன்றில் பெரிய பிளக் இரண்டுக்கு மேல் கூடாது. சுமையைப் பொதுவாக 3000 வாட்டுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

படிக்க எளிது. பொருள் கொள்ளும்போதுதான் சண்டை. பத்தும் சின்ன பிளக் என்றால் 1000 வாட் ஆகிவிடுகிறது. 800-க்குள் நிற்க எட்டோடு நிறுத்த வேண்டும். பத்தும் எல்.இ.டி. பல்பு என்றால்? அட்டவணைப்படி 600 வாட். உண்மையில் ஒன்பது வாட் பல்புகள் பத்து சேர்ந்தால் 90 வாட்தான். ‘அப்ப ஏன்ணே பத்தோட நிறுத்தணும், இருபது போடலாமே’ என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமாகத்தான் படும். வாட் கணக்கு இடம் கொடுக்கும், பாயின்ட் கணக்கு கொடுக்காது. ஒரு ஃபால்ட் வந்தால் எத்தனை இடம் இருட்டாகும், ஒரே ஒயரில் எத்தனை இணைப்பு, எத்தனை திருகு என்பதற்குப் போட்ட வரம்பு அது. இரண்டில் எது முதலில் முட்டுகிறதோ அங்கே நிற்க வேண்டும்.

அட்டவணைக்கு மேலே ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையான அளவு தெரியாதபோது இந்த எண்களைக் கொள்க என்பது அதன் பொருள். அதாவது 100, 1000 என்பவை பிளக்கின் திறனும் அல்ல, அதற்கு விதித்த வரம்பும் அல்ல. என்ன மாட்டப்போகிறார்கள் என்று தெரியாதவன் போட்டுக்கொள்ளும் ஊகம். 16 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 3680 வாட் கொடுக்கக்கூடியது. அட்டவணை அதில் கால் பங்கைச் சற்றே தாண்டிய அளவைத்தான் எண்ணுகிறது. 6 ஆம்பியர் பிளக் 1380 வாட் தரும்; எண்ணுவது 100, சுமார் ஏழு சதவீதம். எல்லா பிளக்கிலும் எல்லா நேரமும் எதையாவது மாட்டிவைத்திருக்க மாட்டார்கள் என்ற அனுபவத்தின் மேல் நிற்கும் எண்கள் இவை.

உலகம் முழுவதும் இதே ஊகம்தான். போடும் விதம் மட்டும் வேறு. 1897 முதல் வெளிவரும் அமெரிக்க மின் விதித்தொகுப்பு, கடை, அலுவலகம் போன்ற இடங்களில் ஒரு பிளக்குக்கு 180 வோல்ட்-ஆம்பியர் என்று கணக்கிடச் சொல்கிறது. 120 வோல்ட், 20 ஆம்பியர் சர்க்யூட்டை 180-ஆல் வகுத்தால் 13 பிளக். வீடுகளுக்கு இந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தாது. அங்கே பொது பிளக்குகளின் சுமை தரைப் பரப்பில் சதுர அடிக்கு இவ்வளவு என்ற கணக்குக்குள் அடங்கிவிடும், சமையலறைக்குத் தனி சர்க்யூட்டுகள் கட்டாயம். ஒரே சட்டத்தில் இரண்டு ஓட்டை இருந்தாலும் ஒரே 180. நாலோ அதற்கு மேலோ ஒன்றாகப் பதித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 90. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஒரு வழக்கு உண்டு. பிரிட்டன்காரர்கள் எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ரிங் சர்க்யூட்டில், 100 சதுர மீட்டர் பரப்புக்குள் எத்தனை பிளக் வேண்டுமானாலும் வைக்கலாம்; காவலுக்கு ஒவ்வொரு பிளக்கின் தலைக்குள்ளும் ஒரு ஃபியூஸ். நம்முடைய உருண்டை பின்னும் அவர்கள் கொடுத்ததுதான். அதில் ஃபியூஸ் இல்லை. அதனால் இங்கே எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அடுக்கத்துச் சரிவில் நாலு அறை விடுதி ஒன்று கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு நாலு விளக்கு, இரண்டு சின்ன பிளக், ஒரு பெரிய பிளக், குளியலறையில் கீசருக்கு ஒரு பெரிய பிளக். விசிறி இல்லை, கீழே பெரியகுளத்தில் அது இல்லாமல் தூங்க முடியாது, மேலே அதற்குக் கொக்கி கூடப் பதிப்பதில்லை.

அட்டவணையை அப்படியே போட்டால்: விளக்கு பதினாறுக்கு 960 வாட். சின்ன பிளக் எட்டுக்கு 800. பெரிய பிளக் எட்டுக்கு 8000. மொத்தம் 9760.

வரப்போகிறவர்களைத் தெரிந்தவர் போடுகிற கணக்கு வேறு. ஒன்பது வாட் எல்.இ.டி. பதினாறு, 144. சின்ன பிளக் 800 என்றே இருக்கட்டும். அறையின் பெரிய பிளக்கில் 2000 வாட் ஹீட்டர்தான் உட்காரப்போகிறது என்பது மலையில் யாருக்கும் தெரியும், நாலுக்கு 8000. கீசர் ஒவ்வொன்றும் 2000, நாலுக்கு 8000. மொத்தம் 16,944. சமையலறையை இன்னும் தொடவில்லை.

இரண்டு மொத்தங்களுக்கும் உள்ள தூரத்தைவிட, தவறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அட்டவணை விளக்கை ஆறு மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்கிறது, வெப்பத்தைப் பாதியாகக் குறைத்துச் சொல்கிறது. குண்டு பல்பும் சீலிங் ஃபேனும் இருந்த சமவெளி வீட்டை மனதில் வைத்துப் போட்ட எண்கள் மலையேறும்போது இரண்டு திசையிலும் தவறுகின்றன. ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று தேற்றிக்கொள்ளவும் முடியாது. விளக்கு ஒரு சர்க்யூட்டில், ஹீட்டர் வேறொரு சர்க்யூட்டில். விளக்குக் கம்பியில் மிச்சமிருக்கும் இடம் ஹீட்டர் கம்பிக்கு உதவாது.

இங்கே விடுதிக்காரர் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. ‘எல்லா ரூமிலயும் ஒரே நேரத்துல எல்லாமா ஓடப் போகுது?’ இதைப் பொறியாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். டைவர்சிட்டி என்று அதற்குப் பெயர் வைத்து, மொத்தத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள இடம் தருகிறார்கள். வீட்டு விளக்குகளுக்கு 66 சதவீதம் எடுத்தால் போதும் என்பது பிரிட்டிஷ் வழியில் வந்த பழைய கணக்கு. ஆனால் அதே கணக்கில், தண்ணீரைத் தேக்கி வைத்துத் தெர்மோஸ்டாட்டில் ஓடும் கீசர்களுக்குக் கழிவே கிடையாது. ஏனென்று புரிய ஒரு காலை நேரம் போதும். ஆறரைக்கு எழுந்து, ஏழரைக்குக் குளித்து, எட்டு மணிக்குப் பில்லர் ராக் பார்க்கக் கிளம்புகிற கூட்டம் கீசரை முறை வைத்துப் போடாது.

மலையில் இது இன்னும் மோசம். 15 லிட்டர் கீசரில் சமவெளித் தொட்டித் தண்ணீர் 28 டிகிரியில் நுழைகிறது; அதை 55 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் சுருளுக்குச் சுமார் 14 நிமிடம். டிசம்பரில் மலைத் தொட்டியில் அது 12 டிகிரியில் நுழைந்தால் 22 நிமிடத்துக்கு மேல். ஒவ்வொரு கீசரும் எரிந்துகொண்டிருக்கும் நேரம் நீள நீள, ஒன்றின் நேரம் இன்னொன்றின் மேல் விழுகிற வாய்ப்பும் கூடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீட்டில் வோல்ட்டேஜ் 190-க்கு இறங்கினால், 2000 வாட் கீசர் 1365 வாட்தான் தரும். அரை மணிக்கு மேல் எரியும். லோ வோல்ட்டேஜில் ஹீட்டர் சுருள் கெடாது, இழுக்கிற கரன்ட் குறையவே செய்யும். பாடு எல்லாம் தண்ணீர் மோட்டாருக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான்.

‘எம்.சி.பி. இருக்கு, லோடு கூடினா ட்ரிப் ஆகிடும்’ என்பது அடுத்த நம்பிக்கை. ஒரு பவர் சர்க்யூட்டில் இரண்டு பெரிய பிளக், இரண்டிலும் 2000 வாட் ஹீட்டர். மொத்தம் 4000 வாட், 17.4 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுமா? விழாது. தரநிலைப்படி எம்.சி.பி. தன் அளவைப்போல் 1.13 மடங்கை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 16-க்கு அந்த எல்லைகள் சுமார் 18, 23 ஆம்பியர். நம் 17.4 அதற்கும் கீழே. மேலும், உள்ளே வளைந்து சுவிட்சை விடுவிக்கும் இரட்டை உலோகத் தகடு 30 டிகிரி சூழலுக்கு அளவெடுத்தது. பத்து டிகிரி இரவில் மெயின் போர்டும் குளிர்ந்துதான் கிடக்கும். தகடு வளைய இன்னும் நேரமாகும். இந்த வகை எம்.சி.பி.யின் தரநிலை கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரம் வரைக்கும் எழுதப்பட்டது. கொடைக்கானல் நகரம் அதைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. தாண்டிய அளவு சொற்பம்தான், அதனால் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் மலையை நினைத்து இந்தப் பெட்டிக்குள் எதுவும் செய்யப்படவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

எம்.சி.பி. விழாத அந்த இரவில் முதலில் சாவது கம்பி அல்ல, சாக்கெட். பின்னைப் பிடிக்கும் பித்தளைத் தகடு மாட்டிக் கழற்றித் தளர்ந்திருக்கும். அந்த இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை வந்துவிட்டால் போதும். 2000 வாட் ஹீட்டரின் 8.7 ஆம்பியர் அங்கே ஏழரை வாட் வெப்பத்தை இறக்கும். எல்.இ.டி. பல்பு ஒன்றின் வாட் அளவு வெப்பம் விரல்நக அகல இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை மலை விடுதிகளின் பழைய சுவிட்ச் போர்டுகளில் பார்க்கலாம். பின் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம். வெள்ளை முகப்பு அந்த இடத்தில் லேசாக உப்பியிருக்கும். பிளக்கை இழுத்தால் பின் சூடாக வரும். மீன் கெட்ட மாதிரி ஒரு வாடை. வளையம் தெரிந்த சாக்கெட்டைத் துடைத்து வைப்பதில் பயனில்லை. மாற்ற வேண்டும், பின்னால் வரும் கம்பியின் நுனியையும் வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்க வேண்டும்.

இன்னொரு விளக்கச் சிக்கல் இந்தச் சாக்கெட்டிலேயே இருக்கிறது. சின்ன பின், பெரிய பின் இரண்டும் போகும் ‘காம்பினேஷன்’ சாக்கெட் இப்போது எங்கும் வந்துவிட்டது. அதை 100 என்று எண்ணுவதா, 1000 என்று எண்ணுவதா? மொபைல் சார்ஜர்தானே மாட்டுவார்கள் என்று லைட் சர்க்யூட்டில் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை. பெரிய பின் நுழையும் ஓட்டைக்குப் பெரிய பிளக்கின் கணக்கு. ஒன்றரை ஸ்கொயர் கம்பியில் அதைத் தொங்கவிடக் கூடாது. சின்ன பிளக்கும் நினைப்பது போல் சாது அல்ல. விடுதி மேசைக் கெட்டில் பலவும் 1500 வாட், 6.5 ஆம்பியர். ஆறு ஆம்பியர் ஓட்டைக்கு அது இப்போதே கூடுதல். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலும் ஹேர் ட்ரையரும் சேர்ந்துவிட்டால் அட்டவணையின் 100 எங்கே போனது என்று தேட வேண்டும்.

இனி ஈ.பி. ஆபீஸ். தமிழ்நாடு மின்வழங்கல் விதித்தொகுப்பு 2004-இன்படி இணைப்புச் சுமை என்பது, வளாகத்தில் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய கருவிகளின் திறன்களின் கூட்டுத்தொகை. ‘பயன்படுத்துகிற’ அல்ல, ‘பயன்படுத்தக்கூடிய’. நான் எப்போதும் ஒன்றைத்தான் போடுவேன் என்ற வாக்குறுதி கணக்கில் சேராது. ஆனால் கீசருக்கும் ஹீட்டருக்கும் நடுவே ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்து, ஒன்று ஓடினால் மற்றது ஓட முடியாதபடி செய்துவிட்டால், இரண்டையும் கூட்ட வேண்டியதில்லை என்று வாதிட அந்தச் சொல்லிலேயே இடமிருக்கிறது. நம் நாலு அறை விடுதியில் அப்படிச் செய்தால் 16,944 வாட் 8944 ஆகும். நேர்மையான வழியில் சுமையைக் குறைக்க இதைவிட மலிவான வேலை எனக்குத் தெரியவில்லை.

குறைக்க ஏன் இத்தனை ஆசை? இணைப்பு வாங்கும்போது கட்டும் வளர்ச்சிக் கட்டணம் கிலோவாட் கணக்கில். வணிகப் பிரிவு இணைப்பில் மாதாமாதம் வரும் நிலைக்கட்டணமும் கிலோவாட் கணக்கில். வீட்டு இணைப்புக்கு 2022 செப்டம்பர் முதல் நிலைக்கட்டணம் கிடையாது; அங்கே ஆசை வேறு மாதிரி. நாலு கிலோவாட்டைத் தாண்டினால் மும்முனை இணைப்புக்குப் போக வேண்டும் என்பதால், டெஸ்ட் ரிப்போர்ட்டில் எல்லா வீட்டுச் சுமையும் அதற்குச் சற்றே கீழே வந்து நிற்கும். ‘பவர் பிளக்க ரெண்டுன்னு போட்டுக்குங்க தம்பி, மீதிய அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சு மலைக்கு மட்டும் சொந்தமில்லை. லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரரின் கையெழுத்து அந்தத் தாளின் கீழே விழுகிறது என்பதைத்தான் அந்தத் தம்பி யோசிக்க வேண்டும். காகிதத்தில் குறைந்த கிலோவாட் டிரான்ஸ்ஃபார்மரிலும் குறைகிறது. தெருவில் எல்லாரும் மூன்றே முக்கால் என்று எழுதினால், ஈ.பி. அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரைத்தான் வைக்கும். அப்புறம் டிசம்பர் காலையில் 190 வோல்ட் வருகிறது என்று புகார் எழுதுவதும் அதே தெருதான்.

நெறித்தொகுப்பு ஒரு வழிகாட்டி. அதற்கு மேலே சட்ட வலு உள்ளவை மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். 2010-இல் வந்து 2023-இல் மாற்றி எழுதப்பட்டவை. அவை சுவரில் எத்தனை பிளக் என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கம்பியும் கருவியும் இழுக்கப்போகும் சுமைக்குப் போதுமானவையாக இருக்க வேண்டும் என்பதும், எர்த்தும் கசிவுக் காப்பும் இருக்க வேண்டும் என்பதும்தான் அவற்றின் அக்கறை. அப்படிப் பார்த்தால், ‘தெரியாதபோது’ என்ற அந்த வரியை மலை விடுதிக்காரர் சலுகையாக எடுத்துக்கொள்ள முடியாது. அறைக்கு ஹீட்டர் வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, பிளக்கில் என்ன வரும் என்று தெரியாது என்று சொல்ல அவருக்கு வாயில்லை. தெரிந்தவர் தெரிந்த அளவைத்தான் போட வேண்டும், அட்டவணை தெரியாதவருக்கு.

மெய்யாகவே தெரியாத ஒன்று இப்போது வாசலில் வந்து நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். எத்தனை வண்டி ஏறுகிறது என்று அரசுக்குத் தெரிகிறது. அதில் மின்சாரக் கார்களும் இருக்கின்றன. மலையேறி வந்த கார் பாட்டரி காலியாகி நிற்கும்; ஓட்டுநர் டிக்கியிலிருந்து ஒயரை எடுத்துக்கொண்டு, ‘அண்ணா, ஒரு பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக் இருக்கா’ என்பார். போர்ட்டிகோவில் பிரஷர் வாஷருக்கு என்று போட்டு, கணக்கில் 1000 என்று எழுதிய பிளக் அது. வீட்டு சார்ஜர் அதிலிருந்து 3300 வாட் வரை இழுக்கும், இரவு முழுக்க இழுக்கும். கீசர் போல இருபது நிமிடத்தில் ஆறப் போவதில்லை. மூன்று மணி நேரம் தாண்டி ஓடும் சுமைக்குக் கம்பியையும் காப்பையும் 125 சதவீதத்துக்குக் கணக்கிடச் சொல்கிறது அமெரிக்க விதி. நம் மலை ஒயர்மேனும் கடன் வாங்கிக்கொள்ளலாம். அந்த பிளக்குக்குத் தனி சர்க்யூட், நாலு ஸ்கொயர் கம்பி, 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.டி., தொழிற்சாலைகளில் இருக்கும் கெட்டியான சாக்கெட். கூடவே வேறு பிளக் எதுவும் வேண்டாம். நாலு கிலோவாட் ஒருமுனை இணைப்பு உள்ள வீட்டில், கார் ஒன்று நின்றுவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 700 வாட்.

சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டுவிட்டால் கீசர் கணக்கு முழுக்கப் போய்விடும் என்று மலையில் பலர் நம்புகிறார்கள். வெயில் அடிக்கும் மாதங்களில் உண்மைதான். ஆனால் அந்தத் தொட்டிக்குள்ளும் மாற்று ஏற்பாடாக ஒரு மின்சுருள் வைத்திருந்தால், அது பெரும்பாலும் 2000 வாட் அல்லது அதற்கு மேல். மேகம் இறங்கிச் சரிவை மூடும் வாரங்களில் ஒரு தெருவின் எல்லாத் தொட்டிகளிலும் ஒரே காலையில் அந்தச் சுருள்கள் எரியும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் அதை முழுதாக எழுத வேண்டும். டைவர்சிட்டி என்று அதில் கை வைக்கக் கூடாது.